பாலத்துக்கு இந்தப் பக்கம்

பிரான்சின் எல்லை நகரமான ஸ்ட்ராஸ்பூர்க்கில் வீடுகள் ஜேர்மன் சாயல், பேச்சு பிரெஞ்சு. மகள் அதை ரசித்துக்கொண்டு நடந்தாள். நான் கைப்பையைத் தடவிக்கொண்டு நடந்தேன். எங்கள் இருவரின் ஜேர்மன் பாஸ்போர்ட்டுகளும் பொலித்தீன் பையில் முடிந்து உள்ளே இருந்தன. அகதியாக ஓர் ஆற்றைக் கடந்த நாளில் வந்த பழக்கம்.

"அம்மா, இஞ்ச ஒருத்தரும் பாஸ்போர்ட் கேக்கமாட்டினம்" என்று மகள் சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

திரும்பும்போது டிராம் ரைன் பாலத்தைத் தாண்டி ஜேர்மனியில் நின்றதும் பொலிஸ்காரர் இருவர் ஏறினார்கள். நிறைந்த பெட்டியில் எல்லோரையும் கடந்து நேரே எங்களிடம் வந்தார்கள். பாஸ்போர்ட் கேட்டதும் பொலித்தீன் பையின் முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்தேன். பாஸ்போர்ட்டைப் பார்த்து, நன்றி சொல்லி இறங்கிப் போனார்கள்.

ஜேர்மனியிலேயே பிறந்த மகள் இப்போது சிரிக்கவில்லை.

"ஏனம்மா எங்களை மட்டும் கேட்டவை?"

காலையிலிருந்து நான் பயந்துகொண்டிருந்தது இந்தக் கேள்விக்குத்தான்.