நான் அழிச்ச தழும்பு

படம் பிடிக்கிற கடையிலை முகத்தைப் பிடிக்கிறது ஒருத்தர், அந்த முகத்தின்ரை குற்றங்குறையை மன்னிச்சு விடுறது இன்னொருத்தர். எண்பதுகளின்ரை நடுவிலை யாழ்ப்பாணத்திலை, சுன்னாகத்துக் கடையொண்டிலை அந்த மன்னிக்கிற வேலை என்ரை கையிலை இருந்தது. அதுக்கு ரச்சிங் எண்டு பேர். யன்னல் வெளிச்சம் கீழையிருந்து மேலை அடிக்கிற மாதிரிக் கண்ணாடி வைச்ச சாய்மேசையிலை நெகற்றிவ்வை வைச்சு, ஊசி மாதிரிச் சீவின பென்சிலாலை பரு, மறு, தழும்பு எல்லாத்தையும் குத்திக் குத்தி மறைக்க வேணும். பின்னேரம் நிமிர்ந்தால் கழுத்து சொன்னபடி கேளாது. தையல் மெஷினிலை குனிஞ்சவை, அச்சுக்கூடத்திலை எழுத்துக் கோத்தவை ஆராவது இதை வாசிச்சால் அந்த நோ என்னவெண்டு அவைக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கேளாமலே குடுத்த வடிவு

எங்கடை கடையிலை ஒரு வழக்கம். ஆரும் கேட்டுத்தான் ரச்சிங் செய்யிறதெண்டில்லை. ஆர் வந்து இருந்தாலும், கிழவனோ குழந்தையோ, முகத்தைத் துப்புரவாக்கித்தான் படம் குடுக்கிறது. கடைக்காரர் சோதி அண்ணைக்கு அதிலை சரியான பெருமை. எனக்கும்தான், ஏன் பொய் சொல்லுவான்?

ஒருக்கா ஒரு கலியாணப் பேச்சுக்குப் பொம்பிளைப் பிள்ளையின்ரை படம். பரு எல்லாத்தையும் எடுத்து, கண்ணுக்குக் கீழையிருந்த கருமையையும் எடுத்து, தேர் மாதிரி ஆக்கி விட்டன். பேச்சுச் சரிவந்து மாப்பிளை வீட்டார் பிள்ளை பாக்க வந்தினம். தேத்தண்ணி கொண்டு வந்த பிள்ளையை ஏற இறங்கப் பாத்துப்போட்டு மாப்பிளையின்ரை தாய் கேட்டாவாம்: "இவ மூத்தவவோ? படத்திலை காட்டின இளையவ எங்கை?"

அச்சுவேலியிலையிருந்து வந்த கேள்வி

அந்தச் சிரிப்பெல்லாம் ஒரு காலமையோடை முடிஞ்சுது. அச்சுவேலியிலையிருந்து யோகமக்கா வந்தா. இடுப்பிலை கைக்குழந்தை, கையிலை வெளிநாட்டுக் கடிதம். அவவின்ரை புருசன் மூண்டு வரியத்துக்கு முந்தி வெளிநாடு போனவர். இடையிலை ஒருக்கா வந்திட்டுப் போனதாலைதான் இந்தக் குழந்தை. ஊரிலை ஹெலிகொப்டர் வந்து சுடத் தொடங்கின உடனை, ஏழு வயசான மூத்த மகன் கண்ணனை மட்டும் தகப்பனிட்டை அனுப்பி விட்டவ. தனியவில்லை, அங்கை போற வேறையொரு பொம்பிளையின்ரை மகன் எண்டு சொல்லி, அவவின்ரை பாஸ்போட்டிலை. அப்ப கன பேர் அப்பிடித்தான் அனுப்பினவை. ஆரையும் குறை சொல்லேலாது.

அங்கை போய் இறங்கின விமான நிலையத்திலை பிடிபட்டுப் போச்சுது. அந்தப் பொம்பிளையை ஒரு இடத்திலை வைச்சிட்டு, பெடியனைத் தாய்தகப்பன் இல்லாமல் வந்த பிள்ளையளை அடைச்சு வைக்கிற விடுதியொண்டிலை போட்டிட்டினம். தகப்பன் ஓடிப் போய், "இது என்ரை பிள்ளை" எண்டு சொல்லி, தான் வெளிக்கிட முந்தி எங்கடை கடையிலை எடுத்த குடும்பப் படத்தைக் காட்டியிருக்கிறார். அங்கத்தை அதிகாரியள் பாத்தினம். விடுதியிலை இருக்கிற பெடியனுக்கு இடப் புருவத்துக்கு மேலை பழைய தழும்பொண்டு. படத்திலை இருக்கிற பெடியனுக்கு நெத்தி மாபிள் கல்லு மாதிரி. "இது வேறை பிள்ளை" எண்டு எழுதிப்போட்டினம். வேறை அத்தாட்சி வராட்டில் அவனைத் தனிய விமானத்திலை ஏத்திக் கொழும்புக்குத் திருப்பி அனுப்புவினமாம். கொழும்பிலை அவனுக்கு ஆர் இருக்கினம்?

யோகமக்கா அழேல்லை, ஏசேல்லை. படத்தை என்ரை மேசையிலை வைச்சு விரலாலை தொட்டுக் காட்டினா. "தங்கச்சி, இவன் கிணத்துக்கட்டிலை விழுந்து நெத்தி வெடிச்சது ரண்டரை வயசிலை. உந்தப் படம் எடுத்தது நாலு வயசிலை. அந்தத் தழும்பு எங்கை போனது?"

எண்ணெய் தொட்ட பஞ்சு

என்ரை கடவுளே! நிலம் பிளந்து உள்ளை போயிடலாம் போலை இருந்தது. வடிவாக்கிறன் எண்டு ஒரு பிள்ளையின்ரை அடையாளத்தையே நான் அழிச்சு வைச்சிருக்கிறன்.

சோதி அண்ணை பழைய நெகற்றிவ் எல்லாத்தையும் சப்பாத்துப் பெட்டியளுக்கை போட்டு மச்சிலை அடுக்கி வைச்சிருந்தவர். ரண்டு நாள் தும்மித் தும்மித் தேடினம். மூண்டாம் நாள் கிடைச்சுது. வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தால், புருவத்துக்கு மேலை என்ரை பென்சில் குத்துகள், எறும்பு ஊர்ந்த மாதிரி. நல்ல வேலைதான், கண்டறியாத வேலை! பென்சிலிலை ஒரு நல்ல குணம், ரேப்பன்ரைன் எண்ணெய் தொட்ட பஞ்சாலை துடைச்சால் போயிடும். ஒவ்வொரு குத்தாத் துடைச்சன்.

இருட்டறையிலை சிவத்த வெளிச்சத்துக்குக் கீழை தாளை மருந்துத் தண்ணியிலை விட்டிட்டு நானும் சோதி அண்ணையும் குனிஞ்சு பாத்துக்கொண்டு நிண்டம். முதல் தகப்பன்ரை மீசை வந்தது. பேந்து தாயின்ரை பொட்டு. அதுக்குப் பிறகு அந்தச் சின்ன நெத்தி, அதிலை பிறை மாதிரி வளைஞ்ச தழும்பு. ஆயிரம் படம் கழுவினனான், அப்பிடி ஒருநாளும் உடம்பு சிலிர்த்ததில்லை. படத்தை மட்டும் அனுப்பினால் தழும்பை நாங்கள் பிறகு கீறிச் சேத்ததெண்டு சொல்லுவினம் எண்டு, கடையை விட்டு ஒருநாளும் வெளியிலை போகாத நெகற்றிவ்வையும் சோதி அண்ணை தானே எடுத்துக் கடித உறைக்கை வைச்சார். வைச்சுப்போட்டுச் சொன்னார்: "ஒரு தழும்பைப் பாத்துக் கும்பிடோணும் போலை இருக்கிறது எனக்கு இதுதான் பிள்ளை முதல் தரம்."

சிலேற்று

அதோடை விசயம் முடிஞ்சுது எண்டு நினைச்சம். முடியேல்லை. தபால்காரன்ரை சைக்கிள் மணிக்குக் காது குடுத்துக்கொண்டு இருந்தவைக்கு அந்த ஒண்டரை மாதம் எப்பிடிப் போயிருக்கும் எண்டு தெரியும். யோகமக்கா திரும்பவும் வந்தா. தழும்பை ஒப்புக்கொண்டிட்டினமாம். ஆனால் பெடியன் ஒப்புக்கொள்ளுறான் இல்லை! படத்தைக் காட்டி "இது ஆர்?" எண்டு கேட்டால், "தெரியாது." தகப்பனைக் காட்டினால், "தெரியாது." உன்ரை அம்மா ஆர் எண்டால், கூட வந்த அந்தப் பொம்பிளையின்ரை பேரைத்தான் சொல்லுறானாம். பிள்ளையே தெரியாதெண்டு சொல்லேக்கை எப்பிடிக் குடுக்கிறது எண்டு அவை கேக்கினம்.

"நான்தான் தங்கச்சி பழக்கினனான்," எண்டா யோகமக்கா. அவன் போக முந்தி ரண்டு கிழமை வீட்டிலை பாடம் நடந்திருக்கு: கூட வாறவதான் அம்மா, வேறை ஒருத்தரையும் தெரியாது. ஆர் வெருட்டினாலும், ரொபி, இனிப்பெண்டு தந்தாலும், பெத்த அம்மாவே வந்து சொல்லுமட்டும் சொல்லை மாத்தக் கூடாது. அந்தச் சொல்லை அவன் ரண்டு மாதத்துக்கு மேலை, பாஷை தெரியாத சனத்துக்கு நடுவிலை, அடைச்ச கதவுக்குள்ளை இருந்துகொண்டு காப்பாத்தியிருக்கிறான். ஏழு வயசு! நான் ஒரு இரகசியத்தை ரண்டு நாள் வைச்சிருந்தறியன்.

அவ சீலைத் தலைப்புக்குள்ளையிருந்து கண்ணன்ரை பள்ளிக்கூடச் சிலேற்றை எடுத்தா. பெரிய எழுத்திலை தானே எழுதினா: "கண்ணா, நான்தான் அம்மா. இனி உண்மையைச் சொல்லு. பக்கத்திலை நிக்கிறவர் அப்பா." அதை நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு கதிரையிலை நிமிர்ந்து இருந்தா. சோதி அண்ணை படம் எடுத்தார். கழுத்தெலும்பு தெரிஞ்சுது, கண் ரண்டும் உள்ளை போயிருந்தது. நான் பென்சிலைத் தொடேல்லை. ஒண்டு மட்டும் கேட்டன், இதையே ஒரு கடிதத்திலை எழுதினால் காணாதோ எண்டு. அவ சொன்னா: "கடிதம் ஆரும் எழுதுவினம், நம்பாதை எண்டு நான்தானே அவனுக்குச் சொல்லிக் குடுத்தனான்."

முதல் உண்மை

பதில் வந்த அண்டைக்கு யோகமக்கா கடைக்குள்ளை நிண்டே வாசிச்சா. விடுதியிலை மொழிபெயர்க்கிறவரையும் தகப்பனையும் பக்கத்திலை வைச்சுக்கொண்டு படத்தைப் பெடியனிட்டைக் குடுத்திருக்கினம். சிலேற்றிலை இருந்ததை அவன் விரல் வைச்சு எழுத்தெழுத்தாக் கூட்டி வாசிச்சானாம். வாசிச்சு முடிச்சுத் திரும்ப ஒருக்கா தாயின்ரை முகத்தைப் பாத்தானாம். பிறகு தகப்பன்ரை பக்கம் திரும்பி, "அப்பா, அம்மா ஏன் இப்பிடி மெலிஞ்சு போனவ?" எண்டு கேட்டானாம். மொழிபெயர்த்தவருக்கு அதை மொழிபெயர்க்க முடியாமல் போச்சுதாம். அண்டைக்குப் பின்னேரமே கையெழுத்து வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தகப்பனோடை விட்டிட்டினம்.

சோதி அண்ணை லேஞ்சியை எடுத்து மூக்கைச் சீறினார். எனக்குக் கண்ணீர் மேசைக் கண்ணாடியிலை விழுந்துகொண்டிருந்தது. தன்ரை பிள்ளையை இனி எப்ப காணுவன் எண்டு தெரியாத யோகமக்கா மட்டும் கடிதத்தை மடிச்சுக்கொண்டு சிரிச்சா: "பாத்தியே தங்கச்சி, உண்மையைச் சொல்லு எண்டு எழுதின உடனை, முதல் உண்மையா என்ரை எலும்பைச் சொல்லிப்போட்டான்!"

அதுக்குப் பிறகும் வலிகாமத்துக் கலியாணப் பொம்பிளையளின்ரை பரு முழுக்க நான்தான் எடுத்தனான், ஆனால் ஒரு குழந்தையின்ரை முகத்திலை ஏதாவது கண்டால் பென்சிலை மேசையிலை வைச்சிட்டு, தாய்க்காரி என்ன ஏச்சு ஏசினாலும் வாங்கிக் கட்டிக்கொண்டு அதை அப்பிடியே விட்டனான்.