மேற்கு அறைக்கு மேலே நாலு அங்குலம்

போன கோடையில் எங்கள் வீட்டு மேற்கு அறையில் என் மனைவி மயங்கி விழுந்தாள். பகல் மூன்று மணி. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றி, கூரைக் கான்கிரீட்டின் சூட்டை அவள் முகத்தில் இறக்கிக்கொண்டிருந்தது. உடம்பில் உப்புச்சத்து குறைந்துவிட்டது என்றார் மருத்துவர். மரக்காணத்தில், ஜன்னலைத் திறந்தால் உப்புக் குவியல் தெரிகிற வீட்டில்.

மகன் வந்து அவளைச் சென்னைக்கு அழைத்துப் போனான். "அந்த ரூம்ல மத்தியானம் படுக்க முடியும்னா சொல்லுங்க, வர்றேன்" என்று சொல்லிக் கார் கதவைச் சாத்தினாள்.

முப்பது வருடம் அரசுக் கட்டடங்களுக்கு மொட்டை மாடி வரைந்தவன் நான். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் போட்டு, மேலே தட்டோடு என்கிற தட்டை ஓட்டைப் பதிக்காத எந்தக் கூரைக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. என் வீட்டை மட்டும் வெறும் கான்கிரீட்டோடு விட்டிருந்தேன். மகன் மேலே ஒரு மாடி எடுப்பான் என்று ஏற்பாடு. மகன் சென்னையில் பன்னிரண்டாவது மாடியில் குடியிருக்கிறான்.

ஐப்பசியின் முதல் மழைக்கு உப்பளம் மூடியதும் அந்தத் தளத்தைப் போட மேஸ்திரி கிடைத்தார். வெயில் மாதங்களில் உப்புப் பாத்தி கட்டுபவர். மழை மாதங்களில் வீடு. கூட ஆறு பெண்கள். நான்கு தாளில் வரைபடம் கொடுத்தேன். அறுபது அடிக்கு ஓரடி கிழக்கே சரியும் வாட்டம், கிழக்கு ஓரத்தில் தண்ணீர் இறங்கும் குழாய், எல்லாம் அதில் இருந்தது. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுண்ணாம்பு மூட்டைக்கு அடியில் வைத்தார்.

தளம் போடும் முன் பொறியாளர் மாடியில் நின்று, எங்கெங்கே எவ்வளவு உயரம் என்று பொட்டு வைத்துக் கொடுக்க வேண்டும். இது விதி. இதை மீறிய இரண்டு பேருக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறேன். தளம் போட்ட அன்று நான் திண்டிவனத்தில், ஓய்வூதியத்துக்காக உயிரோடிருப்பதை நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் திரும்பியபோது பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு இறுகத் தெளிக்கும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரின் வாசம் படியிலேயே வந்தது. மேஸ்திரி ஒரு குடம் தண்ணீரை நடுவில் ஊற்றிக் காட்டினார். அது எந்தப் பக்கமும் ஓடவில்லை. வட்டமாகப் பரவி அப்படியே நின்றது.

"பாத்தீங்களா சார். ஒரு நூல் இப்படி அப்படி இருக்காது."

"வாட்டம் எங்க மேஸ்திரி?"

"இன்னா சார் வாட்டம்? ஒரு பக்கம் சாஞ்சா அங்க தண்ணி தேங்கிடும், இங்க உப்பே விளையாது."

"மொட்டை மாடியில எதுக்குய்யா உப்பு விளையணும்?"

அவர் தளத்தைப் பார்த்தார். கை பழகிய வேலையைக் கை செய்துவிட்டது. அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. தட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிராமலே சொன்னாள்: "நான் அப்பவே கேட்டேன், தண்ணி எப்படிப் போவும்னு. நீ வாயை மூடிட்டு தட்டுன்னுட்ட. சாரும் பேப்பரைக் குடுத்துட்டு பஸ் ஏறிட்டாரு."

இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அது.

விதிப்படி தளத்தை எடுத்துக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். எடுத்துக் கொட்டி, ஜல்லி வரவழைத்து, மழை விடக் காத்திருந்தால் தை ஆகிவிடும். தையில் மேஸ்திரி பாத்திக்குப் போய்விடுவார். என் மனைவி அடுத்த கோடையையும் பன்னிரண்டாவது மாடியில்தான் கழிப்பாள். அதற்கடுத்து இந்த வீடு அவளுக்கு மறந்தே போகும்.

"எடுத்துடலாம்" என்றேன்.

"எதுக்கு சார் எடுக்கணும்? தண்ணி ஓடணும், அவ்ளோதானே? அப்போ இது பாத்தி இல்ல, வாய்க்கா. மேற்கால எவ்ளோ ஏத்தணும்?"

"நாலு அங்குலம்."

"இன்னும் ஈரம் காயல. இப்பவே மேல போட்டுத் தட்டினா ஒட்டிக்கும். கூரை தாங்குமான்னு மட்டும் நீங்க பாத்துச் சொல்லுங்க."

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒப்பந்தக்காரர்கள் குறைக்கப் பார்த்த கம்பியையெல்லாம் என் வீட்டில் கூடுதலாகவே போட்டு வைத்திருந்தேன். தாங்கும். இன்னொன்றும் தெரிந்தது. அடியில் மட்டமாகக் கிடந்த தளத்தையும் சேர்த்தால், என் வரைபடத்தில் இருந்ததைவிடக் கனமான கவசம் மேற்கு அறைக்கு மேலேதான் வருகிறது. இதைத் திட்டமிட்டே செய்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான்.

மறுநாள் விடிந்ததிலிருந்து நான் மாடியைவிட்டு இறங்கவில்லை. பொட்டு வைத்தேன். "சார் இன்னிக்கு எந்த ஊருக்கும் போலியா?" என்று அந்த அம்மாள் கேட்டாள். மூன்று நாள் தட்டினார்கள். தட்டோடு பதித்து, இடுக்கு பூசி இரண்டு நாளில் மழை வந்தது. குடை பிடித்துக்கொண்டு மாடியில் நின்றேன். மேற்கிலிருந்து தண்ணீர் மெல்லியதாக நகர்ந்து குழாயில் இறங்கியது. உள்ளே போய்க் கூரையின் அடியைத் தொட்டுப் பார்த்தேன். அன்று எட்டு முறை தொட்டிருப்பேன். காய்ந்தே இருந்தது.

சித்திரையில் என் மனைவி ஒரு சின்னப் பையோடு வந்தாள். இரண்டு நாளுக்காம். மதியம் இரண்டு மணிக்கு மேற்கு அறையில் போய்ப் படுத்தாள். நான் கூடத்தில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு ஒரே பத்தியைப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குச் சத்தமில்லை. எட்டிப் பார்த்தேன். ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்தபடி.

நான்கரைக்கு எழுந்து வந்தாள்.

"எப்படி இருக்கு?"

"சூடு இருக்குது. ஆனா படுக்கலாம்."

முப்பது வருடத்தில் என் கூரைகளுக்குக் கிடைத்த ஒரே நற்சான்று. காபி குடித்துவிட்டு மகனுக்குப் போன் செய்தாள்.

"டேய், என் கிரைண்டரை யார்கிட்டயாவது கொடுத்து அனுப்பு. உங்கப்பா இத்தனை மாசமா கடை மாவுல தோசை சுட்டுத் தின்னுட்டு இருந்திருக்கார்."