வீட்டுக்குப் போகிற வழியில்

தலைமையாசிரியை ஆவதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இத்தனை வருஷம் கணக்கு நடத்திச் சாக்பீஸ் தூளைத் தின்று தீர்த்தவளுக்கு, நாற்காலியில் உட்காரவும் ஆள் சொல்லித்தர வேண்டுமாக்கும்! ஆனால் எங்கள் பள்ளிக்கூடச் செயலாளர் விடவில்லை. பெரிய டீச்சர் ஓய்வு பெறப் போகிறார், அடுத்து நீங்கள்தான், கல்வி நிர்வாகத்தில் ஒரு முதுகலைப் பட்டம் இருந்தால் யாரும் வாய் திறக்க முடியாது என்றார். அஞ்சல் வழியில் சேர்ந்தேன். ஞாயிறுதோறும் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நேர்முக வகுப்பு.

படிப்பில் சேர்ந்தேனே தவிர, பதவிக்குச் சரி என்று சொல்லவில்லை. இன்று நாளை என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். அந்த நாற்காலியை நினைத்தாலே எனக்கு என் தம்பி ஞாபகம் வந்துவிடும்.

அவன் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும்போது, தீபாவளியில் மிச்சம் வைத்திருந்த வெடி ஒன்றை வகுப்பறையில் கொளுத்திப் போட்டுவிட்டான். பக்கத்துப் பெஞ்சுப் பையனுக்குக் காது அடைத்துப்போனது. தலைமையாசிரியர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். அப்பா பலசரக்குக் கடையில் வேலை பார்த்தவர். பெரிய மனிதர்கள் முன்னால் வாய் எழாது. அம்மா பத்தமடையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்ததால் துணைக்கு நான் போனேன். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த மனிதர் கத்தவே இல்லை. அப்பாவை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு, "உங்க பையன் மேல எனக்குக் கோபம் ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி. ஆனா நான் ஆயிரம் பிள்ளையளப் பாக்கணும்லா" என்றார். மாற்றுச் சான்றிதழ் மேஜைமேல் தயாராக இருந்தது. அப்பாவும் தம்பியும் வீட்டுக்குக் கிளம்பினார்கள், நான் அப்படியே கல்லூரிக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு என் தம்பியை நான் பார்க்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனான் என்று அப்பா சொன்னார். கார்த்திகை மாதம், தாமிரபரணியில் செவலைத் தண்ணீர் கரை புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. முங்கு நீச்சல் தெரிந்தவர்கள் தேடினார்கள். தீயணைப்புக்காரர்கள் தேடினார்கள். கடலுக்கே போயிருப்பான் என்று கடைசியில் கையை விரித்துவிட்டார்கள். அம்மா சாகிறவரைக்கும் "பாவி ஆறு, என் பிள்ளைய முழுங்கிட்டு" என்று வைதுகொண்டே இருந்தாள். நான் அந்தத் தலைமையாசிரியரை வைதேன். அவர் செத்துப்போன செய்தி வந்தபோதும் எனக்கு மனசு இளகவில்லை.

தம்பியும் என்னை விட்டுப் போகவில்லை. புது வகுப்புக்குள் நுழைந்தால் என் கண் முதலில் கடைசிப் பெஞ்சுக்குத்தான் போகும். பேருந்து நிறுத்தத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பையன் நின்றால், முகத்தைப் பார்க்காமல் கடந்துபோக முடியாது. இருந்தால் அவனுக்கு நாற்பது நெருங்கியிருக்கும், காதோரம் நரைத்திருக்கும். பைத்தியக்காரி நான், அரும்பு மீசைக்காரனைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிப்பட்டவள் நிர்வாகம் படிக்கப் போனாள். அங்கே பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் என்று பெயர் இல்லை, பங்குதாரர்கள்! ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோரிடம் கசப்பான முடிவைத் தெரிவிப்பது எப்படி என்று பாடம். முதலில் உட்காரச் சொல்ல வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், குரலை உயர்த்தக் கூடாது, கெஞ்சுவதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று பேராசிரியர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். இத்தனை காலம் நான் கரித்துக்கொட்டிய மனிதர் இதில் ஒன்றைக்கூடத் தப்பாகச் செய்யவில்லை. பரீட்சை வைத்தால் முழு மதிப்பெண் அவருக்குத்தான்.

அடுத்து நடித்துக் காட்டச் சொன்னார் பேராசிரியர். என்னைத் தலைமையாசிரியை ஆக்கினார். மேலப்பாளையத்திலிருந்து வரும் ஒரு அறிவியல் வாத்தியார் தகப்பனார் ஆனார். பையன் குழாயை உடைத்து, கேட்ட ஆசிரியரைக் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டான், பள்ளியை விட்டு அனுப்ப வேண்டும் என்பது கொடுத்த கதை. என் தம்பிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நன்றாகத்தான் ஆரம்பித்தேன். உட்காருங்கள் என்றேன், தண்ணீர் பாட்டிலை நகர்த்திவைத்தேன். அப்புறம் என் வாயிலிருந்து வந்தது இது:

"உங்க பையன் மேல எனக்குக் கோபம் ஒண்ணும் கிடையாது. ஆனா நான் ஆயிரம் பிள்ளையளப் பாக்கணும்லா."

யாரோ எனக்குப் பின்னால் நின்று சொன்னதுபோல இருந்தது. பிரமாதம் என்றார் பேராசிரியர்.

அறிவியல் வாத்தியார் எழுந்திருக்கவில்லை. நடிப்பை மறந்துவிட்டாரோ என்னவோ, மெதுவாகக் கேட்டார்: "சரி டீச்சரம்மா, கூட்டிட்டுப் போறேன். வீட்டுக்குப் போற வழியில அவன்கிட்ட நான் என்ன பேசணும்? அதையும் சொல்லிக் குடுத்துருங்க."

வகுப்பு சிரித்தது. அது நம் பாடத்தில் வராது சார் என்று பேராசிரியரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் தச்சநல்லூரில் பேருந்தை விட்டு இறங்கியபோது, எப்போதும்போல அப்பா நிறுத்தத்தில் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நிற்க வேண்டாம் என்றால் கேட்க மாட்டார். தெருவில் நடந்துகொண்டே சொன்னேன், நாளைக்குச் செயலாளரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன் என்று. அந்த ஆள் பேசிய பேச்சு என் வாயிலும் வந்துவிட்டது, தம்பியை ஆற்றுக்கு அனுப்பிய நாற்காலியில் நான் எப்படி உட்காருவது என்று பொரிந்து தள்ளினேன்.

அப்பா நடையை நிறுத்தினார். பிறகு, "வேண்டாம்னு சொல்லாதம்மா. அந்த சார்வாள் மேல தப்பு இல்ல. அவன் ஆத்துக்கே போகல" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னைக்கு அவன் வீட்டுக்கே வரல. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுல வச்சு, 'எப்பா, நான் வீட்டுக்கு வரவா'ன்னு கேட்டான். எனக்கு ஒரே அவமானம், ஆத்திரம். பதில் சொல்லல. திரும்பிக்கூடப் பாக்காம முன்வாசல்ல ஏறிட்டேன். பின்வாசல்ல ஏறிருப்பான்னு நெனச்சேன். இங்கன இறங்குனப்பதான் தெரிஞ்சுது. உங்க அம்மைகிட்ட என்னத்தச் சொல்ல? வாயில ஆறுன்னு வந்துட்டு."

எல்லோரும் ஆற்றைக் கலக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் ஏதோ ஒரு பேருந்தில் போய்க்கொண்டிருந்திருக்கிறான். தேடியிருந்தால் கிடைத்திருப்பான். அம்மா அது தெரியாமலேயே போய்ச்சேர்ந்தாள். மறுநாள் நான் பதவிக்குச் சரி என்று சொன்னது வேறு விஷயம். அந்த நிமிஷம் எனக்கு அப்பா முகத்தில் முழிக்கவே பிடிக்கவில்லை. பாவி மனுஷா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் விறுவிறுவென்று முன்னால் நடந்தேன்.

தெருமுனை வரைக்கும் வந்த பிறகுதான், பின்னால் செருப்புச் சத்தம் கேட்கவில்லை என்று உறைத்தது. சட்டென்று திரும்பிப் பார்த்தேன். விட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கப்பா, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.