மூன்று கோலும் ஒரு சமநிலையும்

அட்லிஸ்வில் நகரில் என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் மோரா அயர்லாந்துக்காரி. அவளுடைய ஊர் அணி ஆடும் கேலிக் கால்பந்து மடிக்கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி நொடியில் ஒருவன் உதைத்த பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலால் பறந்தது; அந்த ஆட்டத்தில் அதற்கும் ஒரு புள்ளி உண்டு, ஆட்டம் சமமானது. மைதானத்திலிருந்து அவளுடைய அப்பா அழைத்தார். இருவரும் அழுதழுது கத்தினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. வெல்லக்கூட இல்லை, சமநிலைக்கே இந்தக் கூத்தா!

எனக்குப் பத்து வயதில், தமிழர் விளையாட்டு விழாவில், தம்பியும் இப்படித்தான் கடைசி நிமிடத்தில் கோல் போட்டுச் சமப்படுத்தினான். ஹோட்டலில் கோப்பை கழுவிவிட்டு நேரே வந்திருந்த அப்பா, மைதானத்துக்குள் ஓடி அவனைத் தூக்கிக் கொஞ்சினார். அவர் கையிலிருந்த சவர்க்கார மணம் எனக்கும் அடித்தது. அடுத்து நடந்த பெண் பிள்ளைகளின் ஆட்டத்தில் நான் மூன்று கோல் போட்டு வென்றேன்.

"நல்லது, தண்ணியைக் குடி" என்றார் அப்பா. அவர் நீட்டிய போத்தலை வேண்டுமென்றே புல்லில் கவிழ்த்தேன்.

மோரா பேசி முடித்ததும் அப்பாவை அழைத்தேன்.

"அப்பா, அண்டைக்கு நான் மூண்டு கோல் போட்டது ஞாபகம் இருக்கோ?"

"மூண்டில்லை பிள்ளை, நாலு. ஒண்டை அந்த ரெஃபரி தரேல்லை. நான் அவனோட இண்டைக்கும் கதைக்கிறேல்லை."