லண்டனுக்கு வந்த பூ

ஊரிலிருந்து வந்த கடிதம் பதினோரு நாள் என் தலையணைக்கு அடியில் கிடந்தது. என்னால் அதைப் படிக்க முடியவில்லை. இரண்டு கண்ணிலும் கட்டு. லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி. 1937ஆம் வருஷம், தை பிறந்த சமயம். அந்த வார்டில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. இடது கண் போய்விட்டது, வலது கண்ணைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். உறையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அம்மன் அடியார்களே, வீரபாண்டி கௌமாரி எனக்கு என்ன செய்தாள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் அவளுக்குச் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் அல்லிநகரத்துக்காரன். அப்பா என் சிறு வயதிலேயே போய்விட்டார். பெரியகுளம் சாலையில் இருந்த மாந்தோப்பை அம்மா ஒருத்தியே பார்த்துக்கொண்டு என்னை பி.எஸ்ஸி. வரை படிக்க வைத்தாள். தாவர சாஸ்திரத்தில் மேல்பட்டம் வாங்கச் சீமையில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு எழுதிப் போட்டேன். இரண்டிலும் இடம் கிடைத்தது. ஸ்காட்லாந்துப் பேராசிரியர் தம் கைப்பட மூன்று பக்கம் எழுதியிருந்தார். மாம்பூ ஏன் கருகுகிறது என்று என்னிடமே கேள்வி கேட்டிருந்தார். லண்டனிலிருந்து அச்சடித்த தாள் ஒன்று வந்தது. நான் லண்டன்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஸ்காட்லாந்தில் பெரியகுளத்து வக்கீல் மகன் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தான். காலேஜில் என்னை எப்போதும் இரண்டாம் இடத்தில் உட்கார வைத்தவன். அங்கேயும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு மனம் இல்லை. லண்டன் ரிட்டர்ன் என்று தேனி ஸ்டேஷனில் மாலையோடு இறங்க வேண்டும். அவ்வளவுதான் என் கல்வி ஆசை.

அம்மாவோ அதே வக்கீல் மகனுக்காகத்தான் ஸ்காட்லாந்து என்றாள்.

"அங்கன நம்ம பக்கத்து முகம் ஒண்ணாச்சும் இருக்குல்லய்யா. மேலுக்கு முடியாமப் போனா ஒரு வாய்க் கஞ்சி ஊத்த ஆளு வேணாமா?"

பத்து நாள் வாக்குவாதம். கடைசியில், "நீ சொல்றதும் வேணாம், நான் சொல்றதும் வேணாம். ஆத்தாகிட்டக் கேப்போம்" என்று முடித்துவிட்டாள்.

பூக்கட்டிக் கேட்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு பொட்டலத்தில் சிவப்பரளி, ஒன்றில் வெள்ளையரளி. பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுத்துத் தருவார். மற்றதைப் பிரிக்காமல் முல்லையாற்றில் விட்டுவிட வேண்டும். சிவப்பு லண்டன், வெள்ளை ஸ்காட்லாந்து என்று பேச்சு. பூவைக் கட்டும் வேலையை அம்மா என்னிடம் கொடுத்தாள். பெற்ற பிள்ளையை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்? நான் இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்துக் கட்டினேன். படித்த திமிர்.

சிவப்பு வந்தது. வராமல் எங்கே போகும்? அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மற்ற பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுப் படியில் இறங்கினாள். திரும்பிவரக் கொஞ்சம் நேரமானது. "போயிட்டு வாய்யா" என்று மட்டும் சொன்னாள். தேனியில் ரயில் நகர்ந்தபோதும் அதற்கு மேல் பேசவில்லை. அவள் பேசாதது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

லண்டனில் எனக்குச் சொல்லித்தந்ததெல்லாம் குளிர்தேசத்துப் பயிர். மாமரத்தைப் படத்தில் பார்த்தவர்கள்கூட அங்கே குறைவு. என் விடுதியில் வால்டர் என்று ஓர் அமெரிக்கன் இருந்தான். அவனும் மேல்பட்டத்துக்கு வந்தவன்தான். நாலு பல்கலைக்கழகங்களுக்கு எழுதி, யார் பாடம் நடத்துகிறார்கள், எத்தனை வருஷம், நூலகம் எப்படி என்று நோட்டில் கோடு போட்டுக் குறித்து, ஒரு மாதம் யோசித்துக் கப்பல் ஏறியவன். "நீ எப்படித் தேர்ந்தெடுத்தாய்?" என்று கேட்டான். "எங்கள் தெய்வம் சொன்னது" என்றேன். அவன் மரியாதையாகத் தலையை ஆட்டினான். அவன் சிரித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மார்கழி பிறந்ததும் கண் சிவந்தது. இரண்டு நாளில் புண்ணாகிச் சீழ் வைத்தது. பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சின்னப் பிள்ளைகளை மிரட்டுவோமே, அது எனக்கு இருபத்து நாலு வயதில் உறைத்தது. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்த பிறகு வால்டர் அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். "உன் மொழி. எனக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை" என்றான். அவனிடம்தான் முதன்முதலில் உண்மையைச் சொன்னேன். அவன் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "உன் அம்மாவிடம் சொல்லிவிட்டாயா?" என்று கேட்டான்.

அன்றிலிருந்து ஒரே வேண்டுதல். ஆத்தா, உன்னை ஏமாற்றினேன். பட்டம் வேண்டாம், லண்டனும் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படிக்கிற அளவுக்காவது ஒரு கண்ணைக் கொடு. ஊருக்கு வந்து அம்மா காலில் விழுந்து சொல்லிவிடுகிறேன். இதையே சொல்லிச் சொல்லி அழுதேன். அழுதால் புண் எரிந்தது. எரியட்டும் என்று அழுதேன்.

பன்னிரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. கட்டை அவிழ்த்தார்கள். வலது கண்ணில் முதலில் ஜன்னல் தெரிந்தது. அப்புறம் நர்சின் வெள்ளைத் தொப்பி. தாம் இதை எதிர்பார்க்கவில்லை என்று டாக்டரே சொன்னார். நான் தலையணைக்கு அடியில் கைவிட்டேன்.

அம்மாவுக்குத் துணையாக ஊரில் விட்டு வந்திருந்த என் மனைவியின் கையெழுத்து. ஐந்தாவது வரை படித்தவள். பேசுவது போலவே எழுதுவாள்.

"அத்தை போன வெள்ளிக்கிழம காச்சல்ல தவறிட்டாக. ஒங்களுக்குத் தந்தி குடுக்க வேணாம்னு சொல்லிட்டாக. கடசியில ஒரு விசயம் சொன்னாக. ஆத்தா காலடியில இருந்த பூவை ஆத்துல விட மனசு வராம, வீட்டுச் சாமி மாடத்துல வைக்கலாம்னு அன்னைக்குப் பொட்டலத்தப் பிரிச்சாகளாம். அதுலயும் செவப்பு. 'சாமிகிட்டயே பொய் சொல்ற அளவுக்கு அவனுக்கு ஆசை இருக்கு, போகட்டும்'னு ஆத்துல விட்டுட்டு வந்தாகளாம். அதுக்கப்புறம் வாராவாரம் செவ்வாக்கிழம வீரபாண்டிக்கு நடந்தே போனாக. 'அவன் பொய்க்கு என்னையக் கேளு ஆத்தா, எம்புள்ள கண்ணு கலங்கக் கூடாது'ன்னு கும்புட்டுட்டு வருவாக. காச்சலோடயும் போனாக. நான் தடுத்தும் கேக்கல."

நாளை எண்ணிப் பார்த்தேன். அம்மா தவறிய வாரமும் என் கண் சிவந்த வாரமும் ஒன்றே. அதற்கு நான் அர்த்தம் சொல்லப்போவதில்லை.

பட்டம் இல்லாமல், ஒற்றைக் கண்ணோடு தேனி ஸ்டேஷனில் இறங்கினேன். மாலையோடு யாரும் நிற்கவில்லை. அந்தச் சித்திரைத் திருவிழாவில் வெள்ளியில் கண்மலர் செய்து அம்மனுக்குச் சாத்தினேன். அம்மாவிடம் சொல்ல வேண்டியதைக் கௌமாரியிடம் சொன்னேன். பத்து வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் சொல்லித் தருகிறேன். செவ்வாய்தோறும் வீரபாண்டிக்கு நடக்கிறேன். அம்மா நடந்த பாதைதான்.

ஆத்தா கேட்டதைக் கொடுப்பவள். இதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. கடிதம் படிக்கக் கண் கேட்டேன், கொடுத்தாள். அம்மா உயிரோடு இருந்தபோது அவளைக் காப்பாற்று என்று ஒரு நாளும் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. ஆத்தா மேல் எனக்குக் குறையில்லை. நன்றிதான். ஆனால் அந்த நன்றியைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிடுகிறேன்.

நீங்களும் அவளிடம் போங்கள். நம்பிப் போங்கள். பிள்ளையைச் சீமைக்கு அனுப்புவதோ, பெண்ணைக் கட்டிக்கொடுப்பதோ, எதுவானாலும் கேளுங்கள். பொட்டலத்தை மட்டும் நேர்மையாகக் கட்டுங்கள். எந்தப் பூ வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் ஒழுங்காகக் கட்டியிருந்தால் அவள் வெள்ளையைக் கொடுத்திருப்பாளா? ஒருவேளை சிவப்பையே கொடுத்திருப்பாளோ என்னவோ. நான்தான் அவளைக் கேட்கவே இல்லையே.