காளை வீட்டிலிருந்து வந்த முழுக் கேன்

சோணைமுத்துவுக்குக் கல்லடைப்பு மூன்று முறை வந்தது. வேலை ஒரே முறைதான் வந்தது. அதனால் வேலையை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளர் வேலை. எண்பத்து மூன்றாம் வருஷம். மண்டபம் கடற்கரையிலிருந்து சாக்குச் சாக்காகக் கடற்பாசி வரும். மணல் போக அலசி, உலர்த்தி, இடித்து, வேகவைத்து வடித்துக் கொடுக்க வேண்டும். அந்தச் சாற்றிலிருந்து பிரிக்கும் சத்து சிறுநீரகத்தில் கல் வளராமல் தடுக்குமா என்று அழகம்மாள் மேடம் ஆராய்ந்துகொண்டிருந்தார். சோணைமுத்து மேலெல்லாம் கடல் கவிச்சி. வீட்டில் மனைவி ஒச்சம்மாள் கருவாடு வாங்குவதையே நிறுத்திவிட்டாள். "நீ வந்து பக்கத்துல உக்காந்தாப் போதும், சோறு தானா இறங்கிருது" என்பாள்.

இன்னொரு வேலையும் உண்டு. கல்லடைப்பு வந்தவர்களைத் தேடிப் பிடித்து, ஒரு பகலும் ஓர் இரவும் கழிக்கும் சிறுநீர் முழுவதையும் மூன்று லிட்டர் கேனில் வாங்கிவருவது. மேடம் அதை இரண்டு கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, கல் கட்டுவதற்கான உப்பைச் சேர்த்து, ஒன்றில் மட்டும் பாசிச் சத்தை விடுவார். ஒரு வாரத்தில் வெறும் குழாயில் ரவை ரவையாகக் கல் கட்டும். பாசி விட்டதில் குறைந்திருந்தால் மேடம் முகத்தில் சிரிப்பு.

பத்துப் பேர் சேர்ந்தால் ஆய்வு இன்னும் இரண்டு வருஷம் நீளும். சோணைமுத்துவின் வேலையும் அதோடு நீளும். ஒன்பது பேர் சேர்ந்தாயிற்று. பத்தாவது ஆள், செக்கானூரணிப் பக்கத்து விவசாயி காளை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவரும் சேர்ந்து புரண்டு கத்திய சிநேகம்.

காளை வீட்டுக் கேன் தளும்பத் தளும்ப வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், "பதநியாண்ணே? ஒரு வாய் கிடைக்குமா?" என்றார்.

"சிநேகிதன் சொந்தமா இறக்கினது மாப்ள. உனக்கு ஒத்துக்காது."

ஒரு வாரம் கழித்து மேடம் கூப்பிட்டார். இரண்டு குழாயிலும் பொட்டுக் கல் இல்லை.

"இவருக்குக் கல்லே வந்திருக்காதுன்னு தோணுது சோணைமுத்து. பட்டியல்லருந்து எடுத்துருவோம்."

"அவன் போட்ட கூப்பாடு இன்னும் என் காதுல இருக்கு மேடம். விசாரிச்சுட்டு வாரேன்."

"மாசக் கடைசிக்குள்ள அறிக்கை போகணும். பன்னெண்டு நாள்தான் இருக்கு."

மறுநாள் காலையில் காளையின் மனைவி அன்னக்கொடி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, கேன்ல என்னத்தக் கலந்த?"

"கிணத்துத் தண்ணி. நல்ல தண்ணிதாண்ணே."

சோணைமுத்து தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"கால்வாசிதான் இருந்துச்சு. ஏனம் கொடுத்துவிட்டவுகளுக்கு அம்புட்டுக் கொறையாவா திருப்பி அனுப்புறது? அந்தம்மா எங்க வீட்டைப் பத்தி என்ன நெனைக்கும்?"

வாங்கிய பாத்திரத்தைப் பக்கத்து வீட்டுக்குக்கூட வெறுமையாகத் திருப்பாத கை அது.

"உன் மரியாதையில என் வேலையே போகப் போகுது ஆத்தா."

மறுபடி பிடிக்க வேண்டும் என்றதும் காளை முறைத்தான். பருத்திக்குக் களையெடுக்கும் நேரம். கடைசியில், கல்யாண மாப்பிள்ளைக்குக் குடை பிடிப்பவர் மாதிரி சோணைமுத்து கேனோடு வரப்பெல்லாம் அவன் பின்னாலேயே நடந்தார்.

"பகல் முச்சூடும் ஒரு சொம்பு தண்ணிதானா மாப்ள?"

"கிணறு அங்கிட்டுல்ல இருக்கு. யாரு நடக்குறது?"

விடிந்ததும் பார்த்தால் கேனில் அதே கால்வாசி. அன்னக்கொடிக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. "இத மட்டுமா கொண்டு போவீக?" ஒரு பை நிறையக் கத்தரிக்காயைத் திணித்தாள். "இது அந்தம்மாவுக்கு. கேன்ல நான் கையே வைக்கல, சத்தியமா."

அடுத்த வாரம் வெறும் குழாயின் அடியில் ரவை கொட்டியதுபோல் கல். பாசி விட்டதில் லென்ஸ் வைத்துத் தேட வேண்டியிருந்தது. மேடம் பத்தாவது பெயரை எழுதினார். சோணைமுத்துவின் வேலை நீண்டது. பழைய குழாய் ஒன்றையும் மேடம் எடுத்துக் கொடுத்தார். "தண்ணி கலந்ததுல கல்லே கட்டல பாருங்க. அவங்க வீட்டுல காட்டுங்க."

அன்னக்கொடி குழாயை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"அப்ப நான் ஊத்துன தண்ணிதான் கட்டவிடலையா?"

"ஆமா தங்கச்சி. கேன்ல ஊத்துனத அவன் வாயில ஊத்தியிருக்கணும்."

அடுத்த முறை சோணைமுத்து போனபோது, வரப்பில் காளை முன்னால் ஓட, பின்னால் அன்னக்கொடி குடத்தோடு விரட்டிக்கொண்டிருந்தாள்.

"டேய் சோணை! கல்லே வந்துட்டுப் போகட்டும், இவள நிப்பாட்டுடா!"