இருபத்தெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை

நேற்று மத்தியானம் மூன்று மணிக்கு நானும் என் மகள் நிவியும் ஒரு தெர்மோகோல் பெட்டிக்கு முன்னால் குப்புறப் படுத்திருந்தோம்.

உள்ளே ஆறு வாத்து முட்டைகள். ஒன்றில் மட்டும் மிளகு அளவுக்கு ஒரு விரிசல்.

காலையில் அவள் வந்தபோதும் அதே மிளகு அளவுதான்!

விவரம் சொல்லிவிடுகிறேன்.

நான் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் சூப்பர்வைசர். நிவிக்கு ஒன்பது வயது. மூலனூரில் அவள் அம்மா சுகந்தியோடு இருக்கிறாள். நானும் சுகந்தியும் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. (ஏன் என்று கமெண்டில் கேட்க வேண்டாம், ப்ளீஸ்.)

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு நிவி என்னிடம் வருவாள்.

காலையில் சுகந்தி அவளை வாசலில் விட்டுவிட்டு, பெருமாநல்லூரில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவார். சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து கூட்டிப் போவார். இந்த வீட்டுக்குள் ஒரு தடவைகூட வந்ததில்லை.

வாத்து யோசனை நிவியுடையது. ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, "ஏனுங்கப்பா, நம்மூட்லயும் பொரிக்க வெக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

விசாரித்தால், வாத்து முட்டை பொரிய இருபத்தெட்டு நாளாம்.

எனக்கு ஒரே சந்தோஷம்! ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே தன் கையால் முட்டையை வைப்பாள். பதினான்காம் நாள் வந்து பார்ப்பாள். இருபத்தெட்டாம் நாள் வரும்போது குஞ்சு! எங்களுக்காகவே கணக்குப் போட்டு வைத்த மாதிரி இருந்தது.

மீன் கடையில் வாங்கிய தெர்மோகோல் பெட்டி, ஒரு பல்பு, பழைய கம்ப்யூட்டர் ஃபேன், சூடு ஏறினால் தானாக அணைக்கும் ஒரு கன்ட்ரோலர், மூடியில் ஒரு கண்ணாடித் துண்டு. இதுதான் எங்கள் இன்குபேட்டர். (நான்கு தடவை கழுவியும் மீன் வாடை போகவில்லை. வாத்துக்கு மீன் பிடிக்கும்தானே என்று விட்டுவிட்டேன்.)

தினமும் மூன்று வேளை முட்டைகளைத் திருப்பி வைப்பேன். ஒரு போட்டோ எடுத்து அனுப்புவேன். நிவியிடம் போன் கிடையாது, சுகந்தியின் நம்பருக்குத்தான் அனுப்ப வேண்டும்.

நீல டிக் விழும். அவ்வளவுதான்.

பதினான்காம் நாள் நிவி வந்தாள். பாத்ரூம் லைட்டை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சில் ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தோம். வைத்த எட்டில் இரண்டு வெறும் முட்டை. மற்ற ஆறிலும் சிவப்பு சிவப்பாய் நரம்பு ஓடியது. ஒன்றில் ஏதோ துள்ளியது.

"அப்பா, அது என்னையத்தான் பாக்குதுங்க!"

பத்தொன்பதாம் நாள் பகல் முழுக்க கரண்ட் இல்லை. வேலையிலிருந்து ஓடிவந்து, பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி உள்ளே வைத்து, கம்பெனியில் அள்ளி வந்த பனியன் துணி வேஸ்ட்டைப் பெட்டி மேல் மூட்டையாகச் சுற்றினேன்.

முட்டை கொடுத்தவருக்கு போன் போட்டேன். "ஒண்ணும் ஆவாதுங்க. ஒரு நாள் முன்னப்பின்ன ஆகுமுங்க, அவ்வளவுதான்" என்றார்.

ஒரு நாள் தள்ளினால் திங்கட்கிழமை.

திங்கட்கிழமை பொரிந்து எனக்கு என்ன!

நேற்றைக்கு வருகிறேன். நிவி பிரியாணித் தட்டைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஒரு வாய்கூட ஒழுங்காகத் தின்னவில்லை.

"நான் ஒடச்சு உடட்டுங்களாப்பா?"

"வேண்டாஞ் சாமி. நாம ஒடச்சா ரத்தம் வந்துரும். அதுவேதான் வரோணும்."

கண்ணாடியில் வாயை வைத்து முட்டையிடம் சொன்னாள், "சீக்கிரம் வா. எனக்கு பஸ்ஸு இருக்குது."

உள்ளிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம். சத்தம் மட்டும்தான்.

ஐந்தரை. வாசலில் சுகந்தி.

"நிவி, வா கண்ணு. நேரமாச்சு."

"அஞ்சே நிமிஷங்கம்மா!" என்றவள் அசையவே இல்லை. கண் நிறைந்துவிட்டது.

நான் வாசலுக்குப் போனேன்.

"ஏனுங்க, அந்தக் கோடியில இருந்த முட்டதானுங்க மொதல்ல விரிசல் உட்டது?" என்றார் சுகந்தி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாப் போட்டோவையும் பார்த்திருக்கிறார்!

"ஆமாங்க. உள்ள வந்து பாருங்களேன்" என்றேன்.

சேர்ந்திருந்த காலத்தில் நான் அவரிடம் வா, போ என்றுதான் பேசுவேன். நேற்று தானாகவே 'ங்க' வந்தது.

போனில் மணி பார்த்தார். "இதைய உட்டா அடுத்த பஸ்ஸு ஏழரைக்குங்க" என்றார். அப்புறம் செருப்பைக் கழற்றினார்.

மூன்று தலைகள், ஒரு சின்னக் கண்ணாடி.

ஆறே காலுக்கு விரிசல் ஓட ஆரம்பித்தது. முட்டையைச் சுற்றி ஒரு கோடு. நின்றது. மறுபடி ஓடியது. நிவி அம்மாவின் கையை ஒரு பக்கமும் என் கையை இன்னொரு பக்கமும் பிடித்துக்கொண்டாள்.

உண்மையைச் சொல்கிறேன். குஞ்சு வெளியே வந்த அந்த நொடியை நான் பார்க்கவில்லை. அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிவி கத்திய கத்தலில்தான் திரும்பினேன். நனைந்துபோய், கழுத்து நிற்காமல், ஓட்டுத் துண்டை முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு மஞ்சள் உயிர்!

சுகந்தி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இந்த வீட்டுச் சுவருக்குத் தெரியாது.

"டீ போடட்டுங்களா?"

"இல்லீங்க. இருக்கட்டுங்க. பஸ்ஸுக்குச் செரியா இருக்கும்."

ஆட்டோ வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு நிவி தலையை வெளியே நீட்டினாள்.

"அப்பா, நான் வர்ற வரைக்கும் அதையப் பெருசாக உட்றாதீங்க!"

"செரிங்க சாமி" என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலை இன்னும் மூன்று வெளியே வந்துவிட்டன. நேற்றையது உலர்ந்து, பஞ்சு மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. போட்டோ அனுப்பியிருக்கிறேன்.

வாத்து வளர்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதினான்கு நாளில் ஒரு குஞ்சு எவ்வளவு பெரிதாகிவிடும்? ஒன்பது வயதுப் பிள்ளையின் இரண்டு உள்ளங்கைக்குள் அப்போதும் அடங்குமா?